நாலு பத்து பஸ்ஸும் மாணவர் மன்றமும்

கேள்வி:

டீச்சர், நான் மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பிளஸ் ஒன் படிக்கிறேன். ஜூன் மாதம் தலைமையாசிரியை என்னை எஸ்.பி.எல். (பள்ளி மாணவர் தலைவர்) ஆக நியமித்தார். மன்றத்தில் என்னோடு சேர்த்து 14 பேர். மாலை 4.15-க்குக் கூட்டம் என்று அறிவித்தால் ஐந்து பேர்தான் வருகிறார்கள். விழாக்களில் வாசலில் நின்று பன்னீர் தெளிப்பதும், விருந்தினருக்குப் பூத்தட்டு நீட்டுவதும், ஆசிரியர் இல்லாத வகுப்பில் பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவதும்தான் எங்கள் வேலை.

பள்ளிப் பற்றை வளர்க்கலாம் என்று, எல்லோரும் தங்கள் ஹவுஸ் நிறத்தில் டீ-ஷர்ட் போட்டு வரும் நாள் ஒன்றை ஜூலையில் அறிவித்தோம். ஒருவருக்கு 250 ரூபாய். எண்ணூறு பேர் படிக்கும் பள்ளியில் 63 பேர்தான் பணம் கொடுத்தார்கள். திட்டம் அப்படியே நின்றுவிட்டது. பணம் பொறுப்பு ஆசிரியரின் அலமாரியில் இருக்கிறது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து ஹவுஸ்கள். கடற்கரைப் பிள்ளைகளை நெய்தலிலும் மலையோரப் பிள்ளைகளைக் குறிஞ்சியிலும் போட்டிருக்கிறார்கள். விளையாட்டு விழாவில் இந்த இரண்டு ஹவுஸுக்கும் கைகலப்பு வரை போய்விட்டது. எல்லைக்கு அப்பால், கேரளத்தின் பாறசாலையில் படிக்கும் என் மாமா மகள், தங்கள் பள்ளியில் ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுத்ததாகப் பெருமையடிக்கிறாள். எங்கள் பள்ளியில் யாருக்கும் பள்ளி மீது பற்றே இல்லை. நான் என்ன செய்ய வேண்டும்?

— பிளஸ் ஒன் மாணவி

பதில்:

மக்களே,

(வெளியூர் வாசகர்கள் திகைக்க வேண்டாம். குமரி மாவட்டத்தில் ஒற்றைப் பிள்ளையையும் நாங்கள் பன்மையில்தான் கொஞ்சுவோம்.)

உன் கடிதத்தில் டீ-ஷர்ட்டுக்கும் கைகலப்புக்கும் முன்பாக என் கண் போய் நின்றது 4.15 என்ற எண்ணில். பள்ளி நான்கு மணிக்கு விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். தேங்காய்ப்பட்டணம் பக்கம் போகிற பிள்ளையும் ஆறுகாணி பக்கம் போகிற பிள்ளையும் மணி அடித்ததும் பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஓடுவதை நீ பார்த்திருப்பாய். இலவசப் பயண அட்டை செல்லும் நாலு பத்து அரசு பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது வரும், அதில் கால் வைக்க இடம் இருக்குமா என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் வீடு போய்ச் சேரும்போது இருட்டிவிடும். பெண் பிள்ளை என்றால் வாசலில் நின்றே இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அப்படியானால் உன் கூட்டத்துக்கு வரும் அந்த ஐந்து பேர் யார்? நடந்து போகிற தூரத்தில் வீடு இருப்பவர்கள், அல்லது அப்பா பைக்கில் வந்து அழைத்துப் போகிறவர்கள் என்பது என் ஊகம். நீயும் அவர்களில் ஒருத்தியாக இருக்கலாம். கோபித்துக்கொள்ளாதே, சரிபார்த்துக்கொள். பற்று இல்லை என்று நீ எழுதியதில் பாதியாவது பஸ் அட்டவணையின் வேலை என்று எனக்குத் தோன்றுகிறது.

இதை நான் மிகத் தாமதமாகக் கற்றுக்கொண்டேன். 33 ஆண்டு பள்ளியில் இருந்தவள், கடைசி ஒன்பது ஆண்டு தலைமையாசிரியை. என் மன்றமும் மாலை 4.30-க்குத்தான் கூடியது. வராதவர்களைப் பற்றி, "பொறுப்புணர்வு குறைவு" என்று பதிவேட்டில் என் கையால் எழுதியிருக்கிறேன். தலைவராக ஆண்டுதோறும் நான் தேர்ந்தெடுத்தது பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கும் பிள்ளையை. மேடையில் கை நடுங்காமல் நிற்கிறவர்தான் தலைவர் என்பது அன்றைக்கு என் எண்ணம்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தது. ரப்பரும் வாழையும் சாய்ந்து கிடந்தன, பல ஊர்களுக்கு நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. பள்ளி மறுபடி திறந்த அன்று கடற்கரை ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகளின் இருக்கைகள் காலியாக இருந்தன. அரையாண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. யாருடைய அப்பா கடலுக்குப் போயிருந்தார், யார் திரும்பி வந்தார், எந்த வீட்டுக்கு நாங்கள் போக வேண்டும், எந்தப் பிள்ளையிடம் தேர்வைப் பற்றிப் பேசவே கூடாது? வருகைப் பதிவேட்டில் 'வ.இ.' என்ற இரண்டு எழுத்து மட்டும் இருந்தது. தலைவனைக் கூப்பிட்டேன். நல்ல பையன், மாவட்ட அளவில் பரிசு வாங்கியவன். அவனுக்கு ஒரு பெயரும் தெரியவில்லை.

ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஆசிரியர் அறைக் கதவோரம் வந்து நின்றாள். "எங்கள் ஊர்ப் பிள்ளைகளைச் சொல்லட்டுமா, டீச்சர்?" என்றாள். பழைய வினாத்தாள் ஒன்றைத் திருப்பி வைத்து எழுதினேன். நின்றபடியே பதினொரு பெயர் சொன்னாள். ஒவ்வொரு பெயரோடும் எந்த வகுப்பு, அப்பாவா அண்ணனா, எந்தப் படகு, தகவல் வந்ததா இல்லையா என்பதையும் சேர்த்துச் சொன்னாள். ஏழாவது பெயரில் சற்று நிறுத்தினாள். அது அவளுடைய சித்தப்பா மகன். நான்கு ஆண்டாக அந்தப் பெண்ணை வாசலை நோக்கி ஓடுகிற முதுகாகத்தான் நான் பார்த்திருந்தேன். என் பதிவேட்டின்படி பொறுப்புணர்வு குறைந்தவர்களில் அவளும் ஒருத்தி.

அடுத்த ஜூனில் மன்றத்தின் நேரத்தை மாற்றினேன்.

நீயும் அங்கிருந்தே தொடங்கு. ஒரு வாரம், மணி அடித்ததும் வாசலில் ஒரு நோட்டோடு நில். யார் எந்த பஸ்ஸில் ஏறுகிறார்கள், யார் நடக்கிறார்கள், யார் ஆட்டோவில் போகிறார்கள் என்று வகுப்பு வாரியாகக் குறித்துக்கொள். பெயர் தெரியாவிட்டால் கேள். எண்ணூறு பேரையும் பிடிக்க முடியாது, பிடித்த மட்டும் போதும். வேவு பார்க்கிறாள் என்று யாராவது சொன்னால் நோட்டைத் திறந்து காட்டிவிடு. வார முடிவில், மன்றத்துக்கு வர முடியாதவர்கள் யார் என்பது உனக்கே தெரிந்துவிடும்.

பிறகு கூட்டத்தை மதிய இடைவேளைக்கு மாற்று. இடைவேளையின் முதல் பாதியில் வேண்டாம். சத்துணவு வாங்கும் சிறு வகுப்புப் பிள்ளைகள் வரிசையில் நிற்கும் நேரம் அது. கடைசி இருபது நிமிடம் போதும். இருபது நிமிடத்தில் என்ன பேச முடியும் என்று உன் பொறுப்பு ஆசிரியர் கேட்பார். 4.30-க்குத் தொடங்கி ஐந்தரை வரை நீண்ட என் கூட்டங்களில் உருப்படியாகப் பேசியது இருபது நிமிடத்துக்கு மேல் இருந்ததில்லை என்று நான் சொன்னதாகச் சொல்.

அடுத்தது ஆட்கள். தலைமையாசிரியையிடம் போய், "எங்களுக்கும் தேர்தல் வேண்டும்" என்று நிற்காதே. தேர்தல் என்ற சொல்லைக் கேட்டதுமே அவருக்குக் கோஷ்டியும், தாளாளரின் தொலைபேசி அழைப்பும், எந்த ஊர்ப் பிள்ளைகள் எத்தனை ஓட்டு என்ற கணக்கும் கண்முன் வரும். நானும் பயந்தவள்தான், அந்தப் பயம் முழுக்கப் பொய்யும் இல்லை. இருக்கிற பதினான்கு பேரை நீக்கச் சொல்லாமல், வகுப்புக்கு ஒருவரைக் கூடுதலாகச் சேர்க்க அனுமதி கேள். அந்த ஒருவரைச் சீட்டுக் குலுக்கி எடுக்கப் போவதாகச் சொல்.

சிரிக்காதே. உத்திரமேரூர்க் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. 919, 921 ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. குடவோலை முறை என்று பாடப் புத்தகத்தில் படித்து, ஐந்து மதிப்பெண் வாங்கி, மறந்திருப்பாய். முப்பது குடும்புகளிலிருந்து, அதாவது ஊரின் பிரிவுகளிலிருந்து, தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்தார்கள். நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே இடம் கொடுத்த சபை அது. அந்தப் பகுதியைச் சுவரிலேயே விட்டுவிடுவோம். முறை நல்ல முறை. ஓட்டுப் போட்டால் கிரிக்கெட் ஆடுகிறவனும் நன்றாகப் பேசுகிறவளும் வருவார்கள். தலைமையாசிரியை நியமித்தால் உன்னைப் போல முதல் பெஞ்சுப் பிள்ளைகள் வருவார்கள். குடத்தில் கை விட்டால்தான் மூன்றாவது பெஞ்சில் ஜன்னலோரம் வாய் திறக்காமல் இருப்பவள் வருவாள். விருப்பமில்லை என்றால் விலகிக்கொள்ளட்டும், இன்னொரு சீட்டு எடுத்துக்கொள்ளலாம்.

ஓட்டும் வேண்டும் என்று உனக்கு ஆசையிருந்தால் அடுத்த ஜூனுக்கு இப்போதே விதை போடு. 9 முதல் 12 வரையுள்ள மாணவர்களுக்காகப் பள்ளிகளில் தேர்தல் எழுத்தறிவு மன்றம் அமைக்கும் திட்டத்தைத் தேர்தல் ஆணையம் 2018 ஜனவரி 25 அன்று, தேசிய வாக்காளர் தினத்தில், தொடங்கியது. உங்கள் பள்ளியிலும் ஒரு கோப்பில் அது இருக்க வாய்ப்பு உண்டு. அதன் பெயரைச் சொல்லிக் கேட்டால், விதிக்கு உட்பட்டதாகத் தெரியும். தலைமையாசிரியர்களுக்குப் பிடித்த சொல் அது.

சரி, மன்றம் கூடிவிட்டது. என்ன செய்வது? இங்கேதான் பெரும்பாலான மன்றங்கள் கவிழ்கின்றன. முதல் கூட்டத்திலேயே விழா, ஊர்வலம், கையெழுத்துப் பத்திரிகை, மரக்கன்று என்று பன்னிரண்டு தீர்மானம் போடுவார்கள். தீபாவளிக்குள் அந்த நோட்டே காணாமல் போயிருக்கும். நீ ஒன்றே ஒன்றை எடு. மூன்று வாரத்துக்குள் முடியக்கூடியதாகவும் பிள்ளைகளே கேட்டதாகவும் இருக்க வேண்டும். புகார்ப் பெட்டி வைக்காதே. சாவி தொலைந்து, உள்ளே சிலந்தி குடியேறிய புகார்ப் பெட்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வகுப்புக்கு ஒரு பிரதிநிதி இருக்கிறார் அல்லவா? அவர் தன் வகுப்பில் கேட்டு ஒரே ஒரு வரி கொண்டு வரட்டும்.

அந்த வரிகளில் கழிப்பறை வரும் என்று இங்கிருந்தே சொல்வேன். கூடவே குடிதண்ணீர்க் குழாய், ஓடாத மின்விசிறி, பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்வது எல்லாம் வரும். (கடைசியில் சொன்னதில் இப்போதைக்குக் கை வைக்காதே. அது பெரிய போர்.) கழிப்பறைதான் என்றால் விண்ணப்பத்தை எப்படி எழுதுவது என்று காட்டுகிறேன்:

"மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அவர்களுக்கு, மேல்நிலை வகுப்பு மாணவிகளின் கழிப்பறையில் ஆறு கதவுகளில் நான்குக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். அதனால் இடைவேளைக்குப் பின் வகுப்புக்குத் தாமதமாகிறது. சிலர் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. நான்கு தாழ்ப்பாள், திருகாணி, பொருத்துக் கூலி ஆகியவற்றைக் கடையில் விசாரித்துப் பின்பக்கம் எழுதியிருக்கிறோம். இம்மாதம் 20-ஆம் தேதிக்குள் பொருத்தித் தர வேண்டுகிறோம். — மாணவர் மன்றம்."

எத்தனை கதவு என்பதை நேரில் போய் எண்ணி எழுது, என் எண்ணைப் பார்த்து எழுதாதே. "தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவன்புடன்" என்று முடிக்காதே. தக்க நடவடிக்கை என்றால் என்ன என்று யாருக்கும் தெரியாததால் யாரும் எடுப்பதில்லை. காலையிலிருந்து தண்ணீர் குடிக்காத விஷயத்தை வெட்கப்பட்டு விட்டுவிடாதே. நானும் பெண்தான், முப்பது ஆண்டு அதே வளாகத்தில் இருந்தேன், ஆனால் ஆசிரியைகளின் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருந்தது. பிள்ளைகள் சொல்லாமல் எனக்குத் தெரியவில்லை. பணம் இல்லை என்று பதில் வந்தால், பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் வைக்கும்படி கேள். அங்கே ஓர் அம்மா எழுந்து பேசினால் போதும்.

வேலை முடிந்த மறுநாள் காலை அசெம்பிளியில் அறிவி: "பத்தாம் வகுப்பு பி பிரிவு கேட்டது, முடிந்தது." அதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம், யாருக்கும் பொன்னாடை வேண்டாம். முடியாமல் போனாலும் அதே இடத்தில் அதே குரலில் சொல்: "ஒன்பதாம் வகுப்பு சி பிரிவு மின்விசிறி கேட்டது, மின் இணைப்பு மாற்ற வேண்டியிருப்பதால் கோடை விடுமுறையில்தான் முடியும் என்று தலைமையாசிரியை சொல்லியிருக்கிறார்." இரண்டாவது அறிவிப்புக்குப் பிறகு அந்த வகுப்புப் பிள்ளைகள் உன்னைப் பார்க்கும் பார்வையைக் கவனி.

இப்போது அந்த 15,750 ரூபாய். 63 பேர் கொடுத்தது, ஜூலையிலிருந்து அலமாரியில் தூங்குகிறது. வேறு எதைச் செய்வதற்கும் முன்பு அதைத் திருப்பிக் கொடு. கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடு, முடிந்ததும் கணக்கைத் தகவல் பலகையில் ஒட்டு. உத்திரமேரூரில், வாரியம் என்ற சபைக் குழுவில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரின் பெயரைக் குடத்தில் இட விடமாட்டார்கள். அவருடைய உறவினர்களுக்கும் அதே கதி. உன் தம்பியும் அதே பள்ளியில் படிக்கிறானா?

அந்தத் திட்டம் ஏன் விழுந்தது என்பதையும் பார். மேற்குக் கடலில் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அதே மாதங்களில் மலைப்பக்கம் மழை பிடித்துக்கொண்டால் ரப்பர் பால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாத நாளில் கூலியும் இல்லை. பள்ளி திறந்து, நோட்டும் பையும் வாங்கி, கை வறண்டிருக்கும் மாதம். அந்த மாதத்தில் அண்டி ஆபீசில் முந்திரிப் பருப்பு உடைத்துவிட்டு வருகிற அம்மாவிடம் போய், பள்ளிப் பற்றுக்கு 250 ரூபாய் என்று எந்தப் பிள்ளை கேட்கும்? கேட்க முடியாத பிள்ளை கேலிதான் செய்யும். அந்தக் கேலியில் எனக்குக் குற்றம் தெரியவில்லை.

ஹவுஸ் விவகாரம் இதைவிடக் கூர்மையானது. அரசுப் பள்ளிகளில் 2024 நவம்பர் 14 முதல் மகிழ் முற்றம் என்ற பெயரில் இந்த ஐந்து திணைப் பெயர்களோடு குழுக்கள் வந்தன. உங்கள் பள்ளி அதைப் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கும். அழகான பெயர்கள். நம் மாவட்டத்துக்கு வெகு பொருத்தம்: மலை, காடு, வயல், கடல் நான்கையும் ஒரே நாளில் பஸ்ஸில் சுற்றிப் பார்த்துவிடலாம். பொருத்தம் கூடியதால்தான் ஆபத்தும் வந்தது. யாரோ ஒரு நல்ல மனிதர், கடற்கரைப் பிள்ளைக்கு நெய்தல் பொருத்தமாக இருக்குமே என்று நினைத்திருக்கிறார். நம் ஊரில் எந்தக் கரை என்று சொன்னால் எந்தக் கோயில், எந்தச் சபை, என்ன சாதி என்று மீதியை எதிரில் இருப்பவர் தானே ஊகித்துக்கொள்வார். விளையாட்டு விழாவில் மோதியது குறிஞ்சியும் நெய்தலும்தான் என்று நீ நினைக்கிறாயா?

ஆரல்வாய்மொழியைத் தாண்டி வள்ளியூர் வழியே போனால் நாங்குநேரி. 2023 ஆகஸ்டில் அங்கே ஒரு மாணவனுக்கும் அவன் தங்கைக்கும் நடந்தது உனக்குத் தெரியும். சாதியின் பேரில் அவர்களை வெட்டியவர்கள் உடன் படித்த பிள்ளைகள். அதன் பிறகு அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் கையில் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடை செய்ய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. நிறம் வெறும் நிறமாக இருப்பதில்லை என்று தெரிந்துதான் அப்படிச் சொன்னார்கள். ஊர் வாரியாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு நிறமும் கொடுத்துவிட்டு, ஒற்றுமை இல்லையே என்று நாம் வருத்தப்படக் கூடாது.

ஹவுஸைக் கலைத்துப் போடுவது உன் அதிகாரத்தில் இல்லை, தலைமையாசிரியையின் அதிகாரத்தில் இருக்கிறது. மன்றத்தின் முதல் விண்ணப்பம் தாழ்ப்பாள் என்றால் இரண்டாவது இதுவாக இருக்கட்டும்: அடுத்த கல்வி ஆண்டில் சேர்க்கை எண் வரிசைப்படி, ஒன்று குறிஞ்சி, இரண்டு முல்லை என்று ஐந்தைந்தாகப் பிரிக்க வேண்டும். கைகலப்பு நடந்த கையோடு கேட்டால் மறுக்க மாட்டார். பாலை ஹவுஸ் பிள்ளைகளை யாராவது பாலைவனம் என்று கேலி செய்தால், முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் காய்ந்தால் அதுதான் பாலை, மழை பெய்தால் மறுபடி காடுதான் என்று தமிழ் ஐயா சொல்லித் தரட்டும்.

விழா ஏதாவது வேண்டும் என்று உன் மனம் அடித்துக்கொள்ளும் என்பதும் தெரியும். நவம்பர் 1 வருகிறது. 1956-இல் அன்றைக்குத்தான் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்து குமரி மாவட்டம் ஆயின. வழக்கமாக அந்த நாளில் ஒருவர் வந்து முக்கால் மணி நேரம் பேசுவார், பிள்ளைகள் வெயிலில் உட்கார்ந்து கொட்டாவி விடுவார்கள். இந்த முறை ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு, வகுப்பில் மற்றவர்களுக்குத் தெரிந்திருக்காத ஒரு சொல்லைக் கொண்டு வரட்டும். நாஞ்சில் நாட்டுச் சொந்தக்காரர் இருந்தால் கன்னிப்பூவும் கும்பப்பூவும் வரும். வயலைப் பார்த்திராத பிள்ளை அவற்றைப் பூ என்றே நினைக்கும், இரண்டும் நெல் சாகுபடிப் பருவங்கள். ரப்பர்க் காட்டிலிருந்து பால் பிடிக்கிற சிரட்டை வரும். கடற்கரையிலிருந்து காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் எத்தனை பெயர் வரும் என்று எனக்கே ஆவலாக இருக்கிறது. பழைய வினாத்தாளின் பின்பக்கத்தில் சொல்லை ஒரு பக்கமும் பொருளை ஒரு பக்கமும் எழுதி, மாடிப்படிச் சுவர் நெடுக ஒட்டுங்கள். செலவு பசைக்கு மட்டும். வேலை வீட்டில் நடப்பதால் நாலு பத்து பஸ்ஸில் போகிற பிள்ளைக்கும் அதில் முழுப் பங்கு உண்டு. குறிஞ்சிக்காரன் ஒருவன் படியில் நின்று, தெரியாத ஒரு மீன் பெயருக்கு நெய்தல்காரனிடம் பொருள் கேட்டால், விளையாட்டு விழாவில் நடந்தது பாதி தீர்ந்தது.

பாறசாலை மாமா மகளைப் பற்றி: அவள் பெருமைப்படட்டும். எல்லை தாண்டினால் 1957-லிருந்து மாநிலப் பள்ளிக் கலோத்சவம் என்ற கலை விழா நடத்துகிறார்கள், அவர்களுக்குப் பழக்கம் அதிகம். ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவர் அதன் பிறகு என்ன செய்தார் என்று மட்டும் கேட்டுப் பார்.

கரும்பலகையில் பெயர் எழுதும் வேலையை விட்டுவிடு. மரியாதையாகச் சொல்: "வகுப்பு அமைதியாக இருக்க ஏதாவது படிக்கக் கொடுக்கிறோம் டீச்சர், பெயர் எழுத வேண்டாம்." காலையில் பெயர் எழுதிய கையை நம்பி மதியம் எந்தப் பிள்ளை குறை சொல்ல வரும்? இதற்குத் திட்டு விழலாம், வாங்கிக்கொள்.

இன்னொன்று, இதை மட்டும் கண்டிப்பாகவே சொல்கிறேன். மன்றம் நம்பிக்கை பெற்றதும், தாழ்ப்பாளை விடப் பெரிய விஷயத்தோடு ஒரு பிள்ளை உன்னிடம் வரும். வீட்டில் அடி, பஸ்ஸில் ஒருவன் தொடுகிறான், ஒரு சார் இப்படிப் பேசுகிறார் என்று. அதைக் கூட்டத்தில் வைக்காதே, நோட்டில் எழுதாதே, நீயே விசாரிக்காதே. நீ நம்புகிற ஓர் ஆசிரியையிடம் அன்றைக்கே அந்தப் பிள்ளையோடு போ. அது முடியாது என்றால் 1098, குழந்தைகள் உதவி எண். மாநிலக் கல்வி உதவி எண் 14417. இரண்டையும் சொல் சுவருக்குப் பக்கத்திலேயே பெரிதாக எழுதி ஒட்டிவிடு.

உன் படிப்பைப் பற்றி வீட்டில் முணுமுணுப்பு இருக்கும். வாரம் இருபது நிமிடம் என்று சொல். ஜனவரியில் பத்தாம் வகுப்புப் பிரதிநிதி ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கூட்டம் நடத்து. பிளஸ் டூ போனதும் நோட்டை அவளிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துகொள்.

முதல் சீட்டு எடுப்புக்குக் குடம் நீயே கொண்டு போக வேண்டியிருக்கும். எவர்சில்வர் குடம் வேண்டாம், கை விட்டு எடுக்கும்போது வளையல் இடித்துச் சத்தம் போடும். மண்பானை கிடைத்தால் நல்லது. எடுப்பதற்கு ஆறாம் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளையைக் கூப்பிடு. மணி அடித்ததும் ஓடுகிற பிள்ளையாகப் பார்த்துக் கூப்பிடு.